சுவரைத் தொடாதவர்கள்

பாண்டிதுரையைப் பெரிய பயிற்சியாளர் என்று சொல்வதற்கில்லை. பட்டாளத்தில் இருந்தபோது, நீந்திக்கொண்டே பந்தாடும் வாட்டர்போலோ ஆடியவர். ஓய்வுக்குப் பிறகு இராஜபாளையத்து நூற்பாலை ஒன்றில் காவல் வேலை. ஞாயிறுதோறும் வத்திராயிருப்பு ரோட்டுத் தென்னந்தோப்பில், ஒரு பெரிய கிணற்றில் பையன்களை இறக்கிப் பந்தைப் போடுவார். அவ்வளவுதான் கிளப்.

கிணற்றில் நீந்தப் பழகிய பையன்கள். மூச்சு வாங்கினால் கை தானாகச் சுவருக்குப் போகும். ஆட்டத்தில் அது தப்பு. மதுரையில் அணித் தேர்வு நெருங்கியதும் பாண்டிதுரை ஒரு சட்டம் போட்டார்: சுவரைத் தொட்டவன் ஆட்டத்தை விட்டு மேலேறிவிட வேண்டும்.

சட்டத்தைவிடக் கேலிதான் கடுமை. "ஏலே பல்லி, ஒட்டிக்கிட்டியா?" என்பார்கள். பல்லி என்று பெயரெடுத்தவன் அடுத்த வாரம் செத்தாலும் தொடமாட்டான். பாண்டிதுரைக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம். ஒரு பழக்கத்தை ஊட்டுகிறவர்கள் அது எதுவரை போகும் என்று யோசிப்பதில்லை.

ஒரு ஞாயிறு, ஆட்டத்தின் நடுவே பையன்களில் ஒருவனான ராம்குமாருக்குக் கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. கையெட்டும் தூரத்தில் சுவரோடு கல்படி. அவன் கத்தவுமில்லை, படியைப் பிடிக்கவுமில்லை. அப்படியே கீழே போனான். பந்துக்கு முங்குகிறான் என்று நினைத்து மேலே நின்றிருந்த பாண்டிதுரை குதிப்பதற்குள் நேரமாகிவிட்டது.

உயிர் தங்கியது. திருவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு கிடந்தவனின் தலைமாட்டில் அவன் அம்மா மகாலட்சுமி உட்கார்ந்திருந்தாள்.

"பக்கத்துலயே படி இருந்துச்சாம்லண்ணே. இவன் ஏன் பிடிக்கல?"

பாண்டிதுரையைப் பார்த்துக் கேட்டாள். பையன்தான் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "பிடிச்சா மேல ஏறணும்லம்மா."

"அதுக்கு? ஏறித் தொலைய வேண்டியதுதானல!"

அடுத்த ஞாயிறு, பையன்கள் தண்ணீரில் இறங்கியதும் அவர் பந்தைப் போடவில்லை.

"எல்லாரும் செவரைப் பிடிங்கலே. மூச்சு வாங்குனா, காலு இழுத்தா, பிடிச்சிரணும். யாரும் யாரையும் கேலி பண்ணக் கூடாது."

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"அண்ணன் நம்மளச் சோதிக்காருலே" என்றான் தனுஷ். "எவனும் தொட்டுராதிய."

"நெசமாத்தான்ல சொல்றேன், பிடிங்கலே!" கத்தியதில் அவர் குரல் உடைந்தது.

அந்தக் கோபத்தைப் பார்த்ததும், இது சோதனைதான் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. காலை உதைத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியபடி, சுவரை விட்டுக் கிணற்றின் நடுவுக்கு நகர்ந்தார்கள்.