சீட்டு போடாத தலைசுற்றல்

பிரேக்கை மிதித்த பிறகுதான் அவர் பேசுவார். தலைமை மருத்துவரே எதிரில் வந்து நின்றாலும் சரி, ஸ்ட்ரெச்சரின் பின்சக்கரத்தை நிறுத்தும் இரும்புப் பட்டையை அவருடைய வலது கால் முதலில் தேடிப் பிடிக்கும். 'டக்' என்று சத்தம் கேட்ட பிறகே, "சொல்லுங்க" என்று நிமிர்வார். பேருந்தில் நிற்கும்போதும் அந்தக் கால் எதையோ துழாவிக்கொண்டிருக்கும். மருத்துவமனை முழுக்க அவருக்குப் 'பிரேக்கண்ணன்' என்று பெயர் விழுந்தது இப்படித்தான். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் சும்மா கிடக்கிறது.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். வளைவுகளில் ஸ்ட்ரெச்சரைச் சுவரில் உரசாமல் திருப்புவார். லிஃப்ட் வாசலில் இருக்கும் மேடுபள்ளத்துக்கு முன்னால், படுத்திருப்பவரிடம் "இப்போ லேசா ஒரு குலுக்கல் இருக்கும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். இன்னொன்றும் சொல்வார்: "கண்ணை மூடிக்கங்க. மேல விளக்கு ஒவ்வொண்ணா ஓடுறதைப் பாத்தா நல்லா இருக்கறவனுக்கே தல சுத்தும்." வேலையில் சேர்ந்த நாளாக இதைச் சொல்லி வந்தாலும், அந்த விளக்குகள் ஓடுவதை அவர் படுத்துப் பார்த்ததில்லை.

அங்கே வேலை செய்கிற யாரும் தனக்கென்று வெளிநோயாளிச் சீட்டு போடுவதில்லை. சீட்டு, வரிசை, பதிவு எல்லாம் வெளியாட்களுக்கு. உள்ளே இருப்பவர்களுக்குத் தொண்டை கட்டினால், வராந்தாவில் போகிற டாக்டரை மறித்து வாயைத் திறந்து காட்டினால் போதும். அவரும் டார்ச் அடித்துப் பார்த்து, கைக்கு வந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போவார். புதிதாக வந்த ஆயா ஒருத்தி, தன் இருமலுக்குச் சீட்டு வாங்க வரிசையில் நின்றதைப் பார்த்துப் பிரேக்கண்ணன் சிரித்தாராம். "நம்ம வீட்டுல சாப்பிட நாமளே டோக்கன் வாங்குவோமா?" என்று கேட்டு அவளைக் கையோடு டாக்டரிடம் கூட்டிப்போனவரும் அவர்தான்.

அவருக்கு ஒரே அக்கா. கல்யாணமாகி வெளிநாட்டுக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். அக்காவின் கணவருக்கும் இவருக்கும் நெடுநாளாகப் பேச்சுவார்த்தை இல்லை. விருந்து ஒன்றில் நாலு பேர் முன்னால் அந்த மாமா, "என் மச்சினன் பெரிய டிரைவர். என்ன, வண்டியில இன்ஜின் மட்டும் இருக்காது" என்று சொல்லப்போக, பந்தியே சிரித்தது. இவர் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு வெளியேறினார். அதற்குப் பிறகு அக்கா தொலைபேசியில் அழைத்தால், "மாமா நல்லா இருக்காரா?" என்றுகூடக் கேட்பதில்லை.

இந்த முறை அக்காவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. தம்பி பக்கத்தில் இருந்தால் தெம்பாக இருக்கும் என்றார். அந்த மனுஷனும் உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று மெல்லச் சேர்த்துக்கொண்டார். விமான டிக்கெட்டை அக்காவே எடுத்தார். கூடவே, உடம்பு முடியாமல் பயணம் நின்றால் பணம் திரும்பக் கிடைக்க ஒரு பயணக் காப்பீடும். பிரேக்கண்ணன் இரண்டு சட்டை தைத்துக்கொண்டார். மாமாவுக்கென்று சவரப் பெட்டி ஒன்று வாங்கி, கடைக்காரரிடம் கேட்டு வழுவழுப்பான காகிதத்தில் சுற்றி வாங்கினார்.

விமானம் மாலையில். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று காலை ஷிப்டுக்கு வந்துவிட்டார். ஒரு கிழவரை எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது தரை ஒரு பக்கமாகச் சரிந்தது. ஸ்ட்ரெச்சரைச் சுவரோரம் கொண்டுபோய், பிரேக்கை மிதித்து, அதன் பிறகே விழுந்தார். வாந்தி நிற்கவில்லை. அந்தப் பக்கம் வந்த பயிற்சி டாக்டர் பெண் அவருடைய கண் இமையை விரித்துப் பார்த்து, காதுக்குள் ஏதோ கோளாறு என்று சொல்லி அங்கேயே ஊசி போட்டாள். இன்னொரு ஸ்ட்ரெச்சரில் கிடத்தித் துணி மாற்றும் அறைக்குத் தள்ளிப்போனார்கள். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்ல யாரும் இல்லை. விளக்குகள் ஒவ்வொன்றாக ஓடின. அவர் விழித்தபோது விமானம் போயிருந்தது.

யாரும் சீட்டு போடவில்லை. நம்ம பிரேக்கண்ணனுக்கு எதற்குச் சீட்டு? அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பாவம், அரை நாள் விடுப்பு வீணாகப் போகிறதே என்று வார்டு சிஸ்டர் அன்றைக்கு முழு ஷிப்டும் அவர் வேலை பார்த்ததாகப் பதிந்துவிட்டார். அத்தனையும் அன்பினால் நடந்தது.

தகவல் சொன்னதும் அக்கா, "டாக்டர் சீட்டு இருந்தா அனுப்புடா. இன்சூரன்ஸ்ல கேப்பாங்க" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மாமாவும் கேக்கறார்" என்றார். அந்த இரண்டாவது வாக்கியம்தான் இவருக்குள் தைத்தது. வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் பழைய ரோஷத்தில் நின்றுவிட்டான் என்று அங்கே பேச்சு நடந்திருக்கிறது.

அன்றிலிருந்து அலைச்சல். காப்பீட்டு நிறுவனத்துப் பெண் ஒவ்வொரு முறையும் தேன் தடவிய குரலில், சிகிச்சை பெற்றதற்கான சான்று வேண்டும் சார் என்பாள். ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிறேன், ஆஸ்பத்திரியிலேயே விழுந்தேன், ஆஸ்பத்திரியிலேயே ஊசி போட்டார்கள் என்று இவர் ஆரம்பத்திலிருந்து சொல்வார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடி சான்று கேட்பாள். ஒரு நாள் அலுத்துப்போய், "ஊசி போட்ட இடம் இன்னும் கன்னிப்போய்த்தான் இருக்கு, அதைப் படம் புடிச்சு அனுப்பவாம்மா?" என்றார். அவளும் ஒரு கணம் சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டு, "சான்று இருந்தா அனுப்புங்க சார்" என்றாள்.

பயிற்சி முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்ட அந்தப் பெண் டாக்டரைத் தேடிப் பிடித்தார். அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. ஆனால் பதிவு இல்லாத ஆளுக்கு ஊசி போட்டேன் என்று தானே எழுதிக் கொடுத்தால் தன் தலைக்கு வரும் என்று தயங்கினாள். சின்னப் பெண், அவர் வற்புறுத்தவில்லை. குற்ற உணர்ச்சியில் இருந்த வார்டு சிஸ்டர் ஒரு வழி சொன்னார்: தெரிந்த டாக்டர் ஒருவர் இருக்கிறார், அந்தத் தேதிக்குக் காய்ச்சல் என்று எழுதித் தரச் சொல்லலாம்.

"எனக்குக் காய்ச்சல் வரலியே சிஸ்டர்" என்றார் பிரேக்கண்ணன். "வந்ததைச் சொல்லியே நம்ப ஆள் இல்ல. வராததைச் சொல்லி நம்ப வெக்கவா?"

கடைசியாக நிறுவனம் அவர் வேலை செய்யும் இடத்திலிருந்தே ஒரு கடிதம் கேட்டது. அலுவலகம் தாமதிக்காமல் கொடுத்தது: குறிப்பிட்ட நாளில் இவர் முழு ஷிப்டும் பணியில் இருந்தார். காப்பீடு அக்காவின் பெயரில் இருந்ததால் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட செய்தியும், காரணமான அந்தக் கடிதமும் நேரே அக்காவுக்குப் போய்ச் சேர்ந்தன.

அன்றைக்கு அழைத்தபோது அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"காலையிலேருந்து வண்டி தள்ளத் தெம்பு இருந்திருக்கு. என்னைப் பாக்க வரணும்னா மட்டும் தல சுத்துது, இல்ல?"

அது சிஸ்டர் பாவப்பட்டுப் போட்டது என்று இவர் விளக்கினார். சொல்லச் சொல்ல, அது ஒரு பொய்க்காரனின் கதை மாதிரியே இருப்பது அவர் காதுக்கே கேட்டது. நடுவிலேயே நிறுத்திக்கொண்டார்.

சில மாதங்கள் அழைப்பு இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவே கூப்பிட்டார். கோல் ஊன்றி நடக்கிறாராம். பேச்சின் முடிவில், "விடுடா தம்பி. அவரும் அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான். உன் ரோஷம் எனக்குத் தெரியாதா? நான் மனசுல ஒண்ணும் வெச்சுக்கல" என்றார். பிரேக்கண்ணன் சரிக்கா என்று வைத்துவிட்டு, வெகுநேரம் ஸ்ட்ரெச்சர் மேலேயே உட்கார்ந்திருந்தார். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது. இனி அதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

இப்போதும் அவர் அதே வராந்தாவில்தான் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறார். மாமாவுக்கு வாங்கிய பொட்டலம் காகிதம் பிரிக்கப்படாமல் வீட்டு அலமாரியில் இருக்கிறது. தலைசுற்றல் அப்புறம் வரவில்லை. ஆனால் தும்மினால் சீட்டு, விரல் நகம் பெயர்ந்தால் சீட்டு; வெளியாட்களோடு வரிசையில் நின்று வாங்குகிறார். சீட்டு கொடுக்கும் பெண், "என்ன பிரேக்கண்ணே, இன்னிக்கு எந்த உறுப்பு?" என்று கேட்கிறாள். வாங்கிய சீட்டுகளை மடித்துச் சட்டைப் பையில் வைத்து வைத்து, பை ஒரு பக்கமாகத் தொங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா தவறாமல் கூப்பிடுகிறார். செல்பேசி அடித்ததும் இவர் வண்டியை ஓரம் கட்டி, பிரேக்கை மிதித்துவிட்டுத்தான் எடுக்கிறார். உடம்பு எப்படி இருக்கிறது என்று அக்கா கேட்கிறார்.

"நல்லா இருக்கேன்க்கா" என்று சொல்லும்போதே, அவருடைய இன்னொரு கை சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறது.