முகம் வடிவாத் தெரியுது

மெல்பேர்னில் நம் பிள்ளைகளின் பங்க் இசை எங்கே தொடங்கியது என்று கேட்டால், ட்ருகனினா புறநகரில் ஒரு டயர் கிடங்கின் பின்பக்கத்தில் என்பேன். ஞாயிறு பிற்பகல்களில் கிடங்குக்கு விடுமுறை. மூன்று இசைக்குழுக்கள், முப்பது பேர், ஒரே ஒரு மின்விசிறி. வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மாரடிக்கும் மதுரைக்காரனுக்கு அங்கே என்ன வேலை? கையில் கேமரா இருந்தது, போனேன். "இருக்கிற காதும் போகப்போகுது" என்பாள் மனைவி.

இசை பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கோபம் பிடித்தது. அதிலும் ஒருத்தியின் கோபம். யாழ்ப்பாணத்துப் பெண். கோழித் தொழிற்சாலையில் வேலை, தற்காலிக விசா. அப்பாவைக் கொண்டுபோன இராணுவ முகாமின் பெயரைச் சொல்லி, அவர் எங்கே என்று தொண்டை கிழியக் கேட்பாள். பாடும்போது கறுப்பு ஹூடியை மூக்குவரை இழுத்து விட்டிருப்பாள். ஸ்டைல் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டின் உச்சத்தில் ஹூடி சரிந்தது. எடுத்துவிட்டேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது. கேட்காமல் எதையும் வெளியிட மாட்டேன் என்று எனக்கொரு பெருமை உண்டு. கேமராவை அவளிடம் நீட்டினேன்.

"இதைப் போடலாம்னு இருக்கேன். எப்படிம்மா இருக்கு?"

பெரிய ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"முகம் வடிவாத் தெரியுது, அண்ணா."

வடிவு என்றால் அழகு. ஈழத்து வீடுகளில் சாப்பிட்டுச் சாப்பிட்டு நான் கற்ற சொல். அன்று மாலையே படத்தை இணையத்தில் போட்டேன், கீழே முகாமின் பெயரோடு. ஊரெல்லாம் பகிர்ந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து வந்தாள். மைக்கின் பக்கமே போகவில்லை. நேரே என்னிடம் வந்தாள்.

"ஏன் அண்ணா போட்டனீங்கள்? முகம் வடிவாத் தெரியுதெண்டு சொன்னனான்தானே."

"அழகா இருக்குன்னுதானே சொன்னே?"

"வடிவா எண்டா தெளிவா, அண்ணா. ஆளை அடையாளம் தெரியுமெண்டு சொன்னனான்."

அப்புறம்தான் மற்றதைச் சொன்னாள். மகள் எங்கே என்றே தெரியாது என்று ஊரில் விசாரிக்க வருகிற புலனாய்வுக்காரர்களிடம் அம்மா சொல்லிவந்திருக்கிறார். அதனால் தாயும் மகளும் பேசுவது பக்கத்து வீட்டுப் போனில், குரல் மட்டும்.

"போன கிழமை ரெண்டு பேர் வீட்டை வந்தவங்களாம். உங்கட படத்தைக் காட்டினவங்களாம். ஒன்பது வருசத்துக்குப் பிறகு அம்மா என்ர முகத்தைப் பாத்தது அதிலதான்."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"இது ஆரெண்டே தெரியாதெண்டு சொல்லிப்போட்டா."

அவள் அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது, அதற்கும் வெட்கமாக இருந்தது. படத்தை அவள் கண்முன்னே அழித்தேன். அதற்குள் அது எத்தனை போன்களில் இருந்ததோ. அவள் பிறகு பாடவில்லை. பக்கத்து வீட்டு எண்ணுக்கு வேலை இடைவேளையில் தினமும் அடிக்கிறாளாம். மணி போகிறதாம், யாரும் எடுப்பதில்லையாம்.