புளி போட்டுத் தேய்த்த வில்லை

தொண்ணூற்றெட்டில், பெரம்பலூரில் முன்னாள் ராணுவத்தினருக்கான அலுவலகத்தில் நான் வேலை பார்த்தபோது, வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து தன் அப்பாவைப் பற்றிய விவரம் கேட்டு அந்த அம்மா வந்தார். அறுபதை நெருங்கும் வயது. நெற்றி நிறையத் திருநீறு. பர்மா சண்டைக்குப் போன அவருடைய அப்பா திரும்பவில்லை. கூடப் போன ஒருவர், அப்பாவின் கழுத்தில் கிடந்த, படையில் கொடுத்த பித்தளை அடையாள வில்லையைக் கொண்டுவந்து கொடுத்தாராம். பேசும்போதெல்லாம் அதை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எங்களிடம் இருந்த பழைய ஆள்சேர்ப்புப் பதிவேட்டில் அவர் அப்பாவின் பெயரிலேயே, அதே தாலுகாவிலிருந்து இருவர் இருந்தார்கள். தகப்பன் பெயர் இருவருக்குமே எழுதப்படவில்லை. ஒருவர் சண்டையில் இறந்தவர். மற்றவர் படையை விட்டு ஓடிப்போனவர். வில்லையில் பொறித்த எண் தெரிந்தால் போதும், இவருடைய அப்பா யாரென்று சொல்லிவிடலாம்.

வாங்கிப் பார்த்தேன். வழவழப்பாக மின்னியது. எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை.

"அமாவாசைக்கு அமாவாசை புளி போட்டுத் தேச்சு, பொட்டு வச்சுத்தாங்க படைப்போம். எங்கம்மா காலத்துலேருந்து அப்படித்தான்" என்றார் பெருமையாக.

வில்லையைத் திருப்பிக் கொடுத்து, பதிவேட்டில் இருவர் இருப்பதையும் எண் தேய்ந்துபோனதையும் சொன்னேன். அவர் அதைத் துடைக்கவில்லை.

"அப்ப வர்ற அமாவாசைக்குப் படைக்கலாங்களா, வேணாங்களா? அத மட்டும் சொல்லுங்க சார்."

"வேற ரிஜிஸ்டர் பாத்துட்டுச் சொல்றேங்கம்மா" என்றேன்.

வேறு ரிஜிஸ்டர் கிடையாது.