காரிலிருந்து இறங்கிய குற்றம்

என் கணவருக்கு வலது கை தோளுக்கு மேலே எழாது. தலை சீவுவது இடது கையால்தான். சட்டை போடும்போது நான் பின்னால் நின்று கையை நுழைத்துவிட வேண்டும். யாராவது விசாரித்தால் "விழுந்திட்டன்" என்று சொல்லி முடித்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் எங்கே விழுந்தார்? மூன்று பொலிஸ்காரர்கள் அவரைத் தெருவில் குப்புறத் தள்ளினார்கள். ஒருவன் முதுகில் முழங்காலை ஊன்றினான். இன்னொருவன் கையைப் பின்னால் முறுக்கினான். இதெல்லாம் நடந்தது பட்டப்பகலில், ஒரு சனிக்கிழமை, நாங்கள் லண்டன் மோர்டனில் ஒரு சாமத்திய வீட்டுக்கு, பெண் பிள்ளை பெரியவளான கொண்டாட்டத்துக்கு, போய்க்கொண்டிருந்தபோது.

அதற்கு முன்னால் நாங்கள் எப்படி இருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். என் தங்கை அமெரிக்காவில் இருக்கிறாள். தன் இரண்டு பையன்களுக்கும் கார் ஓட்டப் பழக்குவதற்கு முன்பே ஒன்றைப் பழக்கினாள்: பொலிஸ் மறித்தால் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வை, கேட்காமல் அசையாதே, எதையும் தேடாதே. போனில் இதைச் சொன்னபோது நாங்கள் இருவரும் அவளைப் பகிடி பண்ணினோம்.

"உங்கட பொலிஸ் துவக்கோட திரியிறவங்கள். இஞ்சத்தையான் 'சேர்' எண்டுதான் கதைப்பான்" என்றார் என் கணவர், ஏதோ லண்டன் பொலிஸுக்குத் தானே சம்பளம் கொடுப்பவர்போல.

அங்கே கறுப்பின மனிதர்களைப் பொலிஸ் அடித்த வீடியோக்களைத் தங்கை போனில் அனுப்புவாள். பார்த்து உச்சுக் கொட்டுவேன். அதோடு நிற்காமல், "ஒண்டும் செய்யாமல் சும்மா பிடிப்பாங்களோ" என்றும் சொல்வேன். இதைச் சொன்னது நான்தான். மறைக்க விரும்பவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர் கோட் சூட்டில் இருந்தார். பின் சீட்டில் பலகாரத் தட்டு. நோர்பரியிலிருந்து புறப்பட்டுப் பாதி வழி போயிருப்போம், பின்னால் நீல வெளிச்சம் சுழன்றது. அவர் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, கதவைத் திறந்து இறங்கினார். இருபத்து நான்கு வருடம் இந்த நாட்டில் கார் ஓடியிருக்கிறார், ஒரு நாளும் மறிக்கப்பட்டதில்லை. ஆகையால் மறித்தால் என்ன செய்வது என்பதில் அவருக்குத் தெரிந்தது யுத்த காலத்தில் ஊரில் செய்ததுதான். அங்கே சோதனைச் சாவடி என்றால் சைக்கிளில் வந்தாலும் இறங்க வேண்டும். அடையாள அட்டையை, நாங்கள் ஐசி என்போம், கையில் எடுத்துப் பிடித்தபடி ஆமிக்காரனிடம் நடந்து போக வேண்டும். இறங்காமல் இருந்தவனுக்குத்தான் அடி. அவருடைய வாலிபம் முழுக்க அப்படித்தான் போனது.

அவர் பத்து அடி நடந்திருப்பார், கோட்டின் உள்பைக்குள் கை. அவர்கள் கத்தினார்கள். ஐசி காட்டத் தாமதமாகிவிட்டது என்று நினைத்து இவர் அவசரமாக எடுத்தார். வெளியே வந்தது டிரைவிங் லைசென்ஸ். அது கையில் இருந்தபடியேதான் அவரைத் தரையில் போட்டார்கள். முன் கதவைத் திறந்துகொண்டு சேலையோடு ஓடினேன். ஒரு பெண் பொலிஸ் என்னைத் தடுத்து, "மேடம், தள்ளி நில்லுங்கள்" என்றாள். அவர் கன்னம் தாரில் இருந்தது. என் கண்ணுக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

அவர்கள் தேடியது எங்கள் காரின் நிறத்தில் வேறு ஒரு காரை. பிழையான கார் என்பது பத்து நிமிடத்தில் அவர்களுக்கே தெரிந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரு மனிதனைத் தரையில் போட்டு விலங்கிட்டாயிற்று, இனி அவன் ஏதாவது செய்திருக்கத்தானே வேண்டும். ஆகவே அவர் ஆவேசமாக நெருங்கினார் என்றும், முழங்கையால் ஒருவனின் நெஞ்சில் இடித்தார் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

ஸ்டேஷனில் அவருக்கு இரண்டு வழி சொன்னார்கள். இலவசமாக ஒரு சொலிசிட்டர் வருவார், ஆனால் காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டு எச்சரிக்கைப் பத்திரம் ஒன்றில் கையெழுத்திட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். என்னோடு ஒரு நிமிடம் போனில் பேச விட்டார்கள். நான் அதே கட்டடத்தின் முன்பக்கத்தில், காஞ்சிபுரச் சேலையோடு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன்.

"என்னப்பா செய்ய?" என்று கேட்டார்.

"கையெழுத்தைப் போட்டிட்டு வாங்கோ. வீட்டை போவம்" என்றேன்.

இதுவும் ஊரில் படித்ததுதான். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாள்களில் கையெழுத்துப் போட்டுத்தான் எங்கள் ஆட்கள் ஆமி முகாம்களிலிருந்து வெளியே வந்தார்கள். தாளில் என்ன இருக்கிறது என்று கேட்டவன் உள்ளேயே இருந்தான். இங்கே அந்தத் தாளில் என்ன இருந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தோம். பொலிஸ்காரனைத் தாக்கியது உண்மை என்று என் கணவர் தன் கைப்பட ஒப்புக்கொண்டிருந்தார். அதுவும் தோள் எலும்பு வெடித்து, தசைநார் கிழிந்த அந்தக் கையால்.

அவர் பள்ளிக்கூட மினி பஸ் ஓட்டியவர். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை வீட்டில் ஏற்றிப் பள்ளியில் விடுவதும், பிறகு திரும்பக் கொண்டுவருவதும்தான் வேலை. பன்னிரண்டு வருடம் செய்தார். எந்தப் பிள்ளைக்கு ஜன்னல் ஓரம் வேண்டும், எந்தப் பிள்ளைக்கு ஹோர்ன் சத்தம் ஆகாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தோள் ஆறுவதற்காக லீவில் இருந்தபோது, கம்பெனி வழக்கமாகச் செய்யும் குற்றப் பதிவுச் சோதனை வந்தது. எச்சரிக்கைப் பத்திரம் அதில் இருந்தது. வன்முறைப் பதிவு உள்ளவரைப் பிள்ளைகளோடு விட முடியாது என்று கடிதம் போட்டார்கள். அதை வாசித்துச் சொன்னது நான். அவர் பஸ்ஸின் சாவியை ஒரு கடித உறைக்குள் போட்டு, உறையை ஒட்டி, மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

சனங்களிடம் ஆறுதல் தேடினால் அது இன்னும் மோசம். "விடுங்கோ அக்கா, பொலிஸோட கொழுவி என்னத்தைக் காணப் போறியள்" என்றார் கோவிலில் தெரிந்த ஒருவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "அண்ணையை வேற ஆக்கள் எண்டு நினைச்சுச் செய்திட்டாங்கள் போல" என்றார். வேற ஆக்கள் என்றால் கறுப்பின ஆட்கள் என்று எனக்கு விளங்கியது. அப்படியானால் அந்த வேற ஆக்களின் முதுகில் முழங்காலை வைத்தால் சரியா என்று கேட்டேன். அந்தக் கேள்வி எனக்கும்தான். தங்கை அனுப்பிய வீடியோக்களைப் பார்த்து நான் சொன்ன வசனம் நினைவில் வந்து கூசியது.

நான் விடவில்லை. ஒரு இளம் பெண் சொலிசிட்டர் கிடைத்தாள். எட்டு மாதம் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, பொலிஸ்காரரின் நெஞ்சில் இருந்த கமராவின் பதிவை எடுத்தாள். அவளுடைய அலுவலகத்தில் மூன்று பேரும் இருந்து பார்த்தோம்.

முழங்கை எவன் நெஞ்சிலும் படவில்லை. அவர் தரையில் கிடந்து "சொறி சேர், சொறி சேர்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். விலங்கைக் கொஞ்சம் தளர்த்தியபோது "தாங்க் யூ சேர்" என்கிறார். கையை முறித்தவனுக்கு நன்றி. எனக்கு மேசையில் இருந்த கம்ப்யூட்டரைத் தூக்கி அடிக்க வேண்டும் போல இருந்தது.

ஆனால் அதற்கு முன்னால், பதிவின் ஆரம்பத்தில், அவர் காரிலிருந்து இறங்கும்போது ஒரு பெண் குரல் கேட்கிறது. தமிழ்க் குரல். "ஐசியைக் காட்டுங்கோ, கெதியாக் காட்டுங்கோ."

அது நான். சொன்ன நினைவே எனக்கு இல்லை. இந்த நாட்டில் ஒருவனிடமும் ஐசி கிடையாது, ஆனாலும் வாய் அதைத்தான் சொல்லியிருக்கிறது. சொலிசிட்டருக்குத் தமிழ் தெரியாது. நான் ஏன் அழுகிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை.

"நீர் சொல்லாட்டிலும் நான் எடுத்திருப்பன்" என்றார் அவர் மெதுவாக.

அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன். அடுத்த நாள் காலை எழும்பியபோது கோபம் திரும்பச் சரியான இடத்துக்கு வந்திருந்தது. ஒரு பெண் பயத்தில் கத்தினாள், ஒரு மனிதன் கோட்டுப் பைக்குள் கை வைத்தான். இதற்காக எலும்பை உடைக்கச் சொல்லி எந்தச் சட்டம் சொல்கிறது? பிறகு பொய் எழுதச் சொல்லி எந்தச் சட்டம் சொல்கிறது?

ஒன்றரை வருடத்தின் பின் எச்சரிக்கைப் பத்திரத்தை அழித்தார்கள். பொலிஸ்காரர் மூவருக்கும் திரும்பவும் பயிற்சி கொடுப்பார்களாம். மூவரும் வேலையில் இருக்கிறார்கள். இவருடைய பஸ்ஸை வேறு ஒருவர் ஓட்டுகிறார். இவர் நோர்பரியில் ஒரு தமிழ்க் கடையில் கல்லாவில் நிற்கிறார்.

பத்திரத்தை அழித்த கையோடு ஒரு மேலதிகாரி எங்களை அழைத்தார். தேத்தண்ணீர், பிஸ்கட் எல்லாம் இருந்தது. "நடந்ததையிட்டு வருந்துகிறோம்" என்றார். என் கணவர் வலது கையால் கோப்பையைத் தூக்கி மெல்ல மெல்லத் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். நெஞ்சு வரைக்கும் அந்தக் கை எழும். புறப்படும்போது மேலதிகாரி எழுந்து கை நீட்டினார். என் கணவர் அந்தக் கையைப் பார்த்தார். தன் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. மேலதிகாரிக்கு முகம் சிவந்தது. "ஓ, உங்கள் தோள், மன்னிக்க வேண்டும்" என்று சொல்லிக் கையை இழுத்துக்கொண்டார்.

பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது கேட்டேன். "நோகுதோப்பா?"

"இல்லை" என்றார். "குடுக்க மனம் வரேல்லை."