பூசணிப்பூ முத்தம்

எழுபதுகளில் மெல்பேர்ணில் எடுத்த ஓர் இத்தாலியப் படத்துக்கு நான்தான் லைட்காரன். சிரிக்காதீர்கள், சத்தியமாக. அப்போது பிரன்ஸ்விக்கில் ஓர் இத்தாலியத் தையல்காரரின் வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம், மின்சாரப் பட்டறையில் வேலை. வயர் பூட்டத் தெரிந்தவன் என்பதால் படக்குழு என்னையும் இழுத்துப் போட்டுக்கொண்டது.

குழு என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம். பேக்கரியில் பாண் போடுகிறவர் டைரக்டர். சலூனில் முடி வெட்டும் பெண் கதாநாயகி. கதாநாயகன் எங்கள் தையல்கார அங்கிள். ஊரில் தியேட்டர் வாசலில் நின்று போஸ்டர் பார்த்தே வளர்ந்த மனிதர் அவர். ஒரு படத்திலாவது தன் முகம் வந்துவிடவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

கதை இதுதான். 'எனக்கு இங்கே மாளிகை இருக்கிறது' என்று ஊருக்குப் புளுகிக் கடிதம் எழுதியவன், மாமியார் கப்பலில் வந்து இறங்கியதும் அயலட்டை முழுக்கக் கதிரையும் கட்டிலும் இரவல் வாங்கி ஓடித்திரிகிறான். கடைசியில் பிடிபட்டு, மனைவியிடம் மன்னிப்புக் கேட்டு, முத்தம். அந்த ஒரு காட்சிதான் மிச்சம். அங்கேதான் வந்தது வினை.

முத்தம் என்று கேள்விப்பட்டதும் நான் அன்ரி என்று கூப்பிடும் அங்கிளின் மனைவி குசினியிலிருந்து அகப்பையோடு வெளியே வந்தார். அவர்களுடைய சண்டை இத்தாலியனில் தொடங்கி எனக்காக ஆங்கிலத்துக்கு வரும். என் காதில் விழுந்ததென்னவோ தமிழில்தான். அப்படியே எழுதுகிறேன்.

"அவளைக் கொஞ்சிப்போட்டு இந்த வாசல்படி மிதிக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்!"

"ஐயோ, அது நடிப்பு!" என்றார் அங்கிள்.

அன்ரி என் பக்கம் திரும்பினார். "தம்பி, இந்த மனுசன் முதல்ல இங்கை வந்திட்டுது. கலியாணம் கட்டின கையோட ஆறு வருசம் நான் அங்கை தனிய. ஒரு கொஞ்சலுக்கு ஆறு வருசம் காத்திருந்தனான். அதையே ஊருக்குப் படம் போட்டுக் காட்டுறது?"

"நான் விலகுறன்" என்று சொல்லிவிட்டு அங்கிள் என் அறையில் வந்து குந்திக்கொண்டார்.

டைரக்டர் ஓடி வந்தார். "முத்தம் இல்லாமல் எப்பிடியடா படத்தை முடிக்கிறது?"

வாய் சும்மா இருக்குமா எனக்கு? "எங்கடை படங்களில ஒருத்தரும் கொஞ்சிறேல்லை. ரெண்டு முகமும் கிட்ட வரும். உடனே ரெண்டு பூவைக் காட்டுவினம். பூவும் பூவும் முட்டும். சனத்துக்கு விளங்கியிடும்."

டைரக்டர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கதவடியில் நின்ற அன்ரி கேட்டார்: "அப்ப உங்கடை நாட்டில பிள்ளையள் எப்பிடிப் பிறக்குது?"

கேட்டுவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தன் தோட்டத்துப் பூசணிப் பாத்தியைக் கையால் காட்டினார்.

பூசணிப்பூ மத்தியானத்துக்குள் சுருங்கிவிடும். அதனால் மறுநாள் காலை எட்டு மணிக்கே படப்பிடிப்பு. பூக்களில் நூல் கட்டி, பாத்திக்குள் குப்புறப் படுத்து நான்தான் இழுத்தேன். முதல்தடவை காம்பு முறிந்தது. இரண்டாம்தடவை நடுவில் ஒரு தேனீ வந்து புகுந்தது, "வில்லன்! வில்லன்!" என்று அங்கிள் கத்தினார். மூன்றாம்தடவை முட்டின. நடித்து முடித்த பூக்களை அன்ரி மாவில் தோய்த்துப் பொரித்துத் தந்தார். நான் நாலு தின்றேன்.

ஒரு ஞாயிறு பின்னேரம், தேவாலய மண்டபத்து யன்னல்களைப் போர்வையால் மூடிப் படம் போட்டோம். லைட் சுவிட்ச் என் பொறுப்பில். அன்ரி வருவதாகச் சொல்லவே இல்லை. அங்கிள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசி நிமிடத்தில், அங்கிள் தைத்த நீலச் சட்டையில், அன்ரி வந்து முன்வரிசையில் அமர்ந்தார்.

திரையில் பூக்கள் முட்டியபோது மண்டபம் ஒரு கணம் முழித்தது. பிறகு பாருங்கள், காலால் நிலத்தை உதைத்துச் சிரித்தார்கள்! படம் முடிந்து லைட்டைப் போட்டேன். பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்: "பூ காணாது! உண்மையான முத்தம் எங்கை?"

எல்லோரும் கைதட்டத் தொடங்கினார்கள். அங்கிளின் முகம் சிவந்துவிட்டது. அன்ரி எழுந்தார். முடிந்தது கதை, இனி எல்லோருக்கும் ஏச்சுத்தான் என்று நினைத்தேன். அவரோ என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, லைட்டை நிப்பாட்டு."

நிப்பாட்டினேன். இருட்டில் அன்ரியின் காலடி அங்கிள் நின்ற பக்கம் போவது மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதீர்கள். "சரி, போடு" என்று அன்ரியின் குரல் வந்தபிறகுதான் போட்டேன்.

அன்ரி ஒன்றும் நடக்காதவர்போல் தன் கதிரையில் அமர்ந்திருந்தார். அங்கிள்தான் அத்தனை சனத்துக்கு முன்னால் நின்று அழுதுகொண்டிருந்தார்.