நேரில் கண்டு எழுதியது

பிருந்தாவுக்கு சிவசண்முகம் சாரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு பாத்திரக் கடையின் மாடியைப் பிடித்து, ‘இதழியல், தகவல் தொடர்பியல் ஈராண்டு டிப்ளமோ’ என்று போர்டு மாட்டியிருந்தார் மனிதர். காமிரா ஒன்று வைத்திருந்தார். அதற்குள் ஃபிலிம் இருந்து யாரும் பார்த்ததில்லை. எப்போதோ ஒரு தினசரிக்குப் பகுதிநேர நிருபராக இருந்ததைத் தவிர, அவருக்கும் இந்தப் படிப்புக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. இந்த ஆளிடம் படிக்கவா சேரன்மகாதேவியிலிருந்து இரண்டு வருஷம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தோம் என்று அவளுக்குத் தன்மேலும் எரிச்சல்தான்.

ஆனால் சான்றிதழ் வேண்டும். டிப்ளமோவோடு வந்தால் உதவி ஆசிரியர் வேலை தருவதாக மதுரையில் ஒரு பத்திரிகை எழுதியிருந்தது. 1996 ஆகஸ்ட் கடைசிவரை கெடு. பாக்கி இருந்தது செய்முறைத் தேர்வு மட்டும். மாணவர் எழுதிய செய்தி பேப்பரில் வரவேண்டும். அதை வெட்டி நோட்டில் ஒட்டி, ‘நேரில் கண்டு எழுதியது’ என்று கையெழுத்துப் போடவேண்டும்.

அவள் தன் ஊர்ப் படிப்பகத் திறப்பு விழாவுக்குப் போனாள். சிறப்புரை ஆற்ற வேண்டிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பாபநாசம் பிள்ளை இரண்டு நாள் முன்புதான் காலமாகியிருந்தார். எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தி, ரிப்பனை வெட்டிவிட்டுக் கலைந்தார்கள். அதை அப்படியே பன்னிரண்டு வரிகளில் எழுதி, மறுநாள் காலையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

சார் சும்மா இருப்பாரா? அழைப்பிதழ் கையில் கிடைத்தால் முந்தின நாளே செய்தி எழுதிக் கொடுத்துவிடுவது அவர் தொழில்முறை. இந்த விழாவையும் அப்படியே அவள் எழுதியதாக அவர் கொடுத்தது அன்று காலைப் பேப்பரில் வந்தேவிட்டது. அதில் பாபநாசம் பிள்ளை எழுச்சியுரை ஆற்றியிருந்தார். அதே பக்கத்தின் அடியில் அவருடைய கண்ணீர் அஞ்சலி விளம்பரமும் இருந்தது.

“அழைப்பிதழ்ல பேரு போட்டிருக்குல்லா? அப்ப பேசுனாருன்னுதான் எழுதணும்” என்றார் சார், வெட்கமே இல்லாமல். பிள்ளை வீட்டார் வந்து மாடியேறி இவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கட்டும் என்று அவள் காத்திருந்தாள்.

மூன்றாம் நாள் பிள்ளையின் மகன் கார்த்திகேசன் வந்தார். கையில் அல்வாப் பொட்டலம். அந்தச் செய்தியைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியாயிற்றாம்.

“அப்பா பேசலன்னு எங்களுக்குத் தெரியாதா சார்? உயிரோட இருந்தா இதத்தான் பேசிருப்பாவ. எழுதுன பிள்ளை யாரு?”

சார் பெருமையோடு அவளைக் கைகாட்டினார். கார்த்திகேசன் கும்பிட்டார். தூ, இதுகளுக்குப் போய் நிஜத்தை எழுத நினைத்தோமே என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

மாதம் முடிய இரண்டு நாள்தான் இருந்தது. பழைய விழாவைப் பற்றிய அவள் பன்னிரண்டு வரிகளை எந்தப் பேப்பரும் இனிப் போடாது. பேப்பரில் வந்ததை வெட்டி ஒட்டிய நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சார் பேனாவை நீட்டினார். அவள் வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

மதுரையில் வேலை கிடைத்தது. சிவசண்முகம் சாரைப் பற்றி யாராவது கேட்டால் இன்றைக்கும் காறித் துப்பத்தான் வாய் வரும். அந்த நோட்டில் இருப்பது தன் கையெழுத்து என்பது ஞாபகம் வரும், விழுங்கிக்கொள்வாள்.