அடைக்கலத்துக்கு ஒரு புடவை

உயிரோடு இருந்த எந்தப் பெண்ணைப் பார்த்தும் லூர்துராணி பொறாமைப்பட்டதில்லை. கழுத்து நிறைய முத்துப் போட்ட துரைசானிகளைப் பார்த்திருக்கிறாள்; அவர்கள் கழற்றிப் போட்ட முத்தைப் பெட்டியில் எடுத்தும் வைத்திருக்கிறாள். மனசு அசைந்ததில்லை. அவளுடைய வயிற்றெரிச்சல் முழுவதும் செத்துப்போன ஒருத்தி மேல்தான்.

பாலக்கரையில் பிறந்தவள். பன்னிரண்டு வயசில் ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாகக் கப்பலேறினாள். கொழும்பு, பினாங்கு, ரங்கூன் என்று துரை போன ஊருக்கெல்லாம் போனாள். பிள்ளைகளைப் படிக்கச் சீமைக்கு அனுப்பிவிட்டுத் துரைசானியும் கிளம்பியபோது, ஒரு டிரங்குப் பெட்டியோடு திருச்சி ஜங்ஷனில் வந்து இறங்கினாள். அப்போது முப்பதை எட்டிக்கொண்டிருந்தாள். ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. ரயில் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்துவிடுவாள். அவளுடைய சித்தப்பா பார்த்து, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்த தைரியராஜுக்குக் கட்டிவைத்தார். அவன் மனைவி அடைக்கலம் காய்ச்சலில் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பிள்ளைகள்: ஏழு வயசுப் பெண் சகாயம், ஐந்து வயசுப் பையன் சின்னப்பன்.

அடைக்கலம் ரயில்வேக்காரன் பெண்டாட்டியாக இருந்தும் ரயிலேறினதில்லை. ஆனால் காலனியில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. "அடைக்கலம் வெச்ச மீன்குழம்பு அடுத்த வரிசை வரைக்கும் மணக்கும்" என்பார்கள். லூர்துராணி இலங்கையில் கற்றுக்கொண்ட தேங்காய்ப்பால் குழம்பை வைத்தால், "நல்லாத்தான் இருக்கு, ரங்கூன்காரி" என்பார்கள். அந்த 'தான்' அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

சமையலறைச் சுவரில், உட்கார்ந்தால் தலை படும் உயரத்தில், வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. அடைக்கலம் அங்கேதான் சாய்ந்து உட்கார்ந்து அரிசி புடைப்பாளாம். லூர்துராணி வந்த மாசமே அதன்மேல் சுண்ணாம்பு அடித்தாள். பத்து நாளில் கறை மேலே வந்தது. மறுபடியும் அடித்தாள். மறுபடியும் வந்தது.

சாயங்காலச் செபத்தில்தான் அவளுக்குப் பெரிய சங்கடம். போன ஊரிலெல்லாம் யோசிக்காமல் சொல்லிவந்த விசுவாச மந்திரத்தில் ஒரு வரி இருக்கிறது: 'சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்.' செத்தவர்கள் உடம்போடு எழுந்திருப்பார்கள் என்பது அதன் பொருள். அந்த இடம் வந்தால் இப்போது அவள் இருமுவாள், இல்லாவிட்டால் விளக்குத் திரியைத் தூண்டுவாள்.

"சின்னம்மா, ஒண்ணை முழுங்கிட்டீங்க" என்பாள் சகாயம்.

"முழுங்கல. மனசுக்குள்ள சொன்னேன்."

ஒருநாள் புருஷனிடம் கேட்டேவிட்டாள். "ஏங்க, கடைசி நாள்ல எல்லாரும் எந்திருச்சு வந்தா, ஒங்க பக்கத்துல யாரு நிக்கிறது? அவளா, நானா?"

தைரியராஜ் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினான். "அங்க கல்யாணம் காட்சியெல்லாம் கெடையாதுன்னு சேசுநாதரே சொல்லியிருக்காரு. யாருக்கும் யாரும் பொண்டாட்டி இல்ல."

"அப்ப எனக்கும் நீங்க இல்ல?"

"இது நல்ல வம்பா இருக்கே" என்று அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

அந்த வருஷம் நாற்பது நாள் நோன்பான தபசு காலத்தின் கடைசியில் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகும் பொருக்கு உதிரவில்லை. கோவிலுக்குக் கூட்டிப்போக முடியாது. ஞானோபதேச வகுப்பு நடத்தும் கன்னியாஸ்திரி சொல்லியனுப்பினார்: "சேசுநாதர் உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாளோட அர்த்தத்தை வீட்டுலயே பிள்ளைங்களுக்குச் சொல்லி வையுங்க." தைரியராஜ் கைவிரித்தான். "எனக்கு நட்டும் போல்ட்டும்தான் தெரியும். நீ சொல்லு லூர்து."

பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளைப் பாயில் உட்காரவைத்துச் சொன்னாள். துரை வீட்டில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகியவள், நன்றாகவே சொன்னாள். முள்முடி வரும்போது சின்னப்பன் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். சிலுவையிலிருந்து இறக்கி, வெள்ளைத் துணி சுற்றி, கல்லறையில் வைத்தார்கள். பெரிய கல்லைப் புரட்டி வாசலை மூடினார்கள்.

"அவ்வளவுதான்" என்று எழுந்தாள் லூர்துராணி.

"அது எப்படி அவ்வளவுதான்?" சகாயம் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பறம்தானே பாஸ்கு?"

லூர்துராணி திரும்ப உட்கார்ந்தாள். விடியற்காலையில் மரியமதலேனம்மாள் கல்லறைக்குப் போனதையும், கல் புரண்டு கிடந்ததையும் வேகவேகமாகச் சொன்னாள். "உள்ளே சேசுநாதர் இல்ல. சுத்தியிருந்த துணி மட்டும் கெடந்துச்சு. தலைத் துணியை மட்டும் தனியா சுருட்டி வெச்சிருந்துச்சு. வானத்துலேருந்து வந்த சம்மனசு சொன்னாரு, அவர் எந்திருச்சுட்டாருன்னு."

சகாயம் தன் பாவாடையை இழுத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "துணியை அங்கேயே விட்டுட்டா, என்ன கட்டிக்கிட்டுப் போனாரு?"

"சாமி அவரு. அவருக்கு வெளிச்சமே துணி."

"எங்கம்மா சாமி இல்லையே. எங்கம்மா எந்திரிச்சா என்ன கட்டிக்கும்?"

லூர்துராணி எழுந்திருக்கப் பார்த்தாள். அதற்குள் சின்னப்பன் கேட்டான்: "அம்மா வந்துட்டா நீங்க எங்க போவீங்க? ரங்கூனுக்கா?"

குழந்தை குத்தலாகக் கேட்கவில்லை. ஆடு எங்கே போகும், மாடு எங்கே போகும் என்பது போலத்தான் கேட்டான். அவளுக்குத்தான் அது குத்தியது. இத்தனை வருஷம் அலைந்து கடைசியில் கிடைத்த வீடு இது. இதிலும் தான் வேறொருத்தி வரும்வரை வேலை பார்க்கிற ஆயாதானா?

அதற்குள் சகாயம் டிரங்குப் பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் கலைத்துக்கொண்டிருந்தாள். "அம்மாவோட நீலப் புடவை எங்க சின்னம்மா? பாஸ்கு அன்னைக்குக் கல்லறைக்குக் கொண்டுபோயி வெச்சுட்டு வரணும். துணி இல்லாம அம்மா எப்படி வெளியே வரும்?"

அந்தப் புடவை பெட்டியில் இல்லை. காலனிக்குப் பூ விற்க வரும் ஸ்ரீரங்கத்துக்காரி வேலம்மாள், மூன்று மாசத்துக்கு முன் நிறைமாசமாக இருந்தபோது பழந்துணி ஏதாவது கொடுங்கள் என்று கேட்டாள். லூர்துராணி எத்தனையோ பழந்துணி இருக்க, நன்றாக இருந்த நீலப் புடவையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினாள்.

"வெளுக்கப் போட்டிருக்கேன்" என்றாள் இப்போது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்துருமா?"

"வந்துரும்."

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக்காரியைப் பிள்ளைகளுக்குத் துணைக்கு வைத்துவிட்டு, இரண்டு நல்ல புடவைகளைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அவற்றைக் கொடுத்து அதை வாங்கிவிடலாம் என்று நினைப்பு. காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. பங்குனி உத்திரம், ஸ்ரீரங்கத்தில் பெருமாளும் தாயாரும் வருஷத்தில் ஒருநாள் சேர்ந்து உட்காரும் சேர்த்தி. வண்டியை விட்டு இறங்கி நடந்தாள். சித்திரை வீதி மூலையில், தாழங்குடை நிழலில், வேலம்மாள் கைக்கு ஓய்வில்லாமல் கதம்பம் தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அடி ஆத்தா! பொன்மலை அம்மாவா? நீங்களும் சேர்த்தி பாக்க வந்தீங்களா?"

"கூட்டமா இருக்கே" என்றாள் லூர்துராணி, வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"இருக்காதா? சண்டை பாக்கன்னா சனம் விடுமா?" வேலம்மாள் சிரித்தாள். "பெருமாளு உறையூருக்குப் போயி அங்க உள்ள நாச்சியாரோட இருந்துட்டு வந்துட்டாரு. எங்க தாயாருக்குக் கோவம். வாசல்ல நிக்க வெச்சு கதவைச் சாத்திட்டாங்க. பூப்பந்தால அடி வேற. அந்தப் பூவெல்லாம் நாங்க தொடுக்கிறதுதாம்மா."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன, பெரியவங்க நடுவுல பூந்து சமாதானம் பண்ணி, கதவைத் தெறந்துருவாங்க. அடுத்த வருசம் அவரு மறுபடியும் உறையூருக்குப் போவாரு. இவங்க மறுபடியும் சாத்துவாங்க."

அந்தத் தாயாராவது கதவைச் சாத்த முடிகிறது, நான் எந்தக் கதவைச் சாத்துவது என்று நினைத்துக்கொண்டாள் லூர்துராணி. பையிலிருந்த புடவைகளை வெளியே எடுக்கப்போனாள். அப்போதுதான் பின்னால் வேப்பங்கிளையில் கட்டித் தொங்கிய தூளியைப் பார்த்தாள். நீலத் தூளி. மாம்பழ மஞ்சளில் கரை. உள்ளே கரியகுட்டியாக ஒரு குழந்தை, கையை விரித்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க குடுத்ததுதான்" என்றாள் வேலம்மாள். "வேற துணியில போட்டா கத்துறாம்மா. இதுல போட்டாத்தான் தூங்குறா. என்ன மாயமோ."

லூர்துராணி தூளியின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். இங்கேயும் அடைக்கலம்தான் பேர் வாங்குகிறாள். ஊரான் பிள்ளையைக்கூடத் தூங்கவைக்கிறாள். எரிச்சல் வந்த வேகத்தில், கொண்டுவந்த இரண்டு புடவைகளில் ஒன்றை வேலம்மாள் மடியில் போட்டாள். "இதை நீ கட்டிக்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பாஸ்கு ஞாயிறு விடிகாலைப் பூசை முடிந்து தைரியராஜ் வந்ததும், பொருக்கெல்லாம் உதிர்ந்துவிட்ட பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு லூர்துராணி அவனோடு கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினாள். அவள் கையில் காகிதத்தில் சுற்றிய பொட்டலம். அடைக்கலத்தின் சிலுவைக்கு முன்னால் சகாயம் அதைப் பிரித்தாள்.

அரக்குப் பட்டு. ஒரு சாண் சரிகை.

"இது அம்மாவுது இல்லையே. ஒங்க கல்யாணப் புடவையில்ல இது?"

"ஒங்கம்மா புடவையை நான்தான் ஒரு பச்சப்புள்ளைக்காரிக்குக் குடுத்துட்டேன். வெளுக்கப் போட்டேன்னது பொய்யி. அதுல இப்ப ஒரு குழந்தை தூங்குது. அதான், என்கிட்ட இருக்கிறதுல நல்லதைக் கொண்டாந்தேன்."

சகாயம் அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு சரிகையைத் தடவினாள். "அம்மா பட்டே கட்டினதில்ல" என்றாள். குரலில் சந்தோஷம் தெரிந்தது. கல்லறை மண்ணில் காதைக் கொடுத்துக் கேட்பது போலக் குனிந்து, "இன்னும் வரல" என்றாள்.

லூர்துராணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இனி அந்த வரியை முழுங்க முடியாது.

"இன்னைக்கு வரமாட்டா, கண்ணு. கேளு. இலங்கையில கண்டிக்குப் போற ரயில் மலைக்குள்ள பூந்து போகும். உள்ளே கும்மிருட்டு. எனக்கு முதல் தடவை அழுகையே வந்துருச்சு. ஆனா இஞ்சின் முன்னாலயே அந்தப் பக்கம் வெளிச்சத்துக்குப் போயிடும். பெட்டி இன்னும் இருட்டுலதான் இருக்கும். இருந்தாலும் இஞ்சினோட கொக்கி போட்டு மாட்டியிருக்குல்ல? அப்ப பெட்டியும் வந்துதானே ஆகணும்?"

"ஆமா" என்றான் பொன்மலையில் பிறந்த சின்னப்பன். "கப்ளிங் போட்டிருந்தா வரும்."

"சேசுநாதர்தான் இஞ்சின். அவரு இன்னைக்கு வெளியே வந்துட்டாரு. அதான் பாஸ்கு. நம்ம எல்லாரும் அவரு பின்னால மாட்டியிருக்கிற பெட்டி. ஒங்கம்மா இருட்டுக்குள்ள இருக்கா, ஆனா கழண்டு போகல. ஒருநாள் வெளிச்சத்துக்கு வந்துருவா."

"அம்மா எந்தப் பெட்டி?"

"முன் பெட்டி."

"நீங்க?"

லூர்துராணி அடைக்கலத்தின் சிலுவையைப் பார்த்தாள். "அதுக்கு அடுத்தது" என்றாள் மனசில்லாமல்.

"அப்ப ரங்கூனுக்குப் போகலையா?" என்றான் சின்னப்பன்.

"எப்படிடா போகும்?" சகாயம் தம்பியை அதட்டினாள். "நடுப்பெட்டி கழண்டா நம்ம ரெண்டு பேரும் இங்கேயே நின்னுருவோம்." பிறகு புடவையைக் கவனமாக மடிக்கத் தொடங்கினாள். "இன்னைக்கு இல்லன்னா வீட்டுல பெட்டியிலயே இருக்கட்டும். மழையில நனைஞ்சிடும். அம்மாவுதுன்னு தனியா வெச்சுருவோம். நீங்க கட்டக் கூடாது."

"கட்டல."

தைரியராஜ் வாயைத் திறந்தான். லூர்துராணி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

மடித்துக்கொண்டிருந்த சகாயத்தின் கை நின்றது. "அன்னைக்கு ஒங்களுக்கு? நீங்க எந்திரிக்கிறப்ப ஒங்களுக்கு யாரு புடவை கொண்டாருவா?"

"நீதான் கொண்டாரணும். வேற யாரு இருக்கா எனக்கு?"

சகாயம் யோசித்துத் தலையாட்டினாள். "என்ன கலரு வேணும்?"

"எந்தக் கலரா இருந்தாலும் சரி" என்றாள் லூர்துராணி. அரக்குப் பட்டின் சரிகையை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். "சரிகை மட்டும் இதைவிட ரெண்டு விரல்கடை அகலமா இருக்கணும்."

சகாயம் சிரிக்கவில்லை. சரிகையின் ஓரத்தில் தன் இரண்டு விரலை வைத்து, அளவை மனசில் வாங்கிக்கொண்டாள்.